கில்காலில் மூன்றாம் நாள்

— தீட்டினது போதும், மாமா. அறுக்கப் போறது ஆட்டுக்குட்டி. எருமை இல்ல.

— நீ பேசாம படு, மாப்ள. ஒரே இழுப்புல போகணும். எகிப்தை விட்டுக் கிளம்பின அன்னைக்கு எங்க அப்பன் ஆடு அறுத்தப்ப எனக்குப் பத்து வயசு. காலைப் பிடிச்சுக்கிட்டது நான். அவர்கிட்ட இருந்தது சூளையில களிமண் வெட்டுற கத்தி, கேட்டியா. மொண்ணை. மூணு இழுப்பு இழுத்தாரு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

— நாப்பது வருசமா இதைத்தான் சொல்றீங்களாம். உங்க மக நாராள் சொல்லிச் சிரிப்பா.

— அவ சிரிப்பா. சரி, எப்படி இருக்கு அங்க?

— எங்க?

— எங்கன்னு கேக்குறான் பாரு. கல்கத்தி வெச்ச இடத்துல.

— கங்கு வெச்ச மாதிரி இருக்கு. முந்தாநாள் வெட்டினப்பகூட இவ்வளவு இல்ல. புரண்டா உசிரு போகுது.

— மூணாம் நாள் அப்படித்தான். நாளைக்கு வீக்கம் இறங்கும். எங்களுக்கெல்லாம் பிறந்த எட்டாம் நாளே விருத்தசேதனம் முடிஞ்சுபோச்சு. வனாந்தரத்துல பிறந்த உங்களுக்கு யாரும் செய்யலை. இன்னைக்கு வெப்போம், நாளைக்கு வெப்போம்னு நாப்பது வருசம் ஓடிப்போச்சு. இப்ப மொத்தப் படைக்கும் ஒரே நாள்ல. வெட்டின தோலை மேட்டுக்கு அந்தப் பக்கம் குவிச்சு வெச்சிருக்காங்க, போய்ப் பாரு. சூளைக்கு மண்ணு கொட்டின மாதிரி கிடக்கு. நாய்கூட கிட்டப் போக மாட்டேங்குது.

— சிரிக்க வைக்காதீங்க மாமா. சிரிச்சா வலிக்குது.

— உன் பக்கத்துக் கூடாரத்துக்காரன் வெளிக்குப் போக எழுந்தான். வாத்து மாதிரி நாலு எட்டு வெச்சான். அஞ்சாவது எட்டுல உக்காந்து அழுறான். மீதியான் சண்டையில ஏழு பேரை வெட்டினவன்.

— ஆத்துக்கு அந்தக் கரையிலயே இதைச் செஞ்சிருக்கலாம்ல. இடையில தண்ணி இருந்திருக்கும். எரிகோ மதிலுக்கு எதிர்ல வந்து கூடாரத்தைப் போட்டு, அப்புறம் உக்காந்து வெட்டிக்கிறதா?

— நானும் அதைத்தான் கேட்டேன். கத்தி வெக்காதவன் இன்னைக்குச் சாயங்காலம் பஸ்கா ஆட்டைத் தின்னக்கூடாது, அதைத் தின்னாதவன் இந்த மண்ணுல வாளைத் தூக்கக்கூடாதுன்னு தலைவர் சொல்றாரு. பெரியவங்கல்லாம் கூடிப் பேசினப்ப ஒருத்தர் சொன்னாரு: புத்தி இருக்கிறவன் அந்தக் கரையில வெட்டியிருப்பான், கடவுள் புத்தியைக் கேக்கலைன்னு. எனக்கு அது பிடிச்சிருந்தது. பிடிச்சிருந்தாலும் கண்ணு அந்த மதிலைவிட்டு அகலலை.

— காவலுக்கு ஆள் இருக்கா?

— நிக்கத் தெம்புள்ளவன் எகிப்துல பிறந்தவன் மட்டும்தான். எனக்கு அம்பது வயசு, என்னைவிடக் கிழவனும் நிக்கிறான். ஈட்டியைத் தூக்கிக்கிட்டு மேட்டுல முன்னும் பின்னும் நடக்கிறோம். மதில் மேலருந்து பாக்கிறவனுக்குப் பெரிய படை நடமாடுற மாதிரி தெரியணுமாம். அதுவும் பத்தலை. பொம்பளைங்களுக்கு உங்க மேலங்கியை மாட்டிவிட்டு, கையில ஈட்டியைக் கொடுத்து வரிசையா நிறுத்தியிருக்கு. பொம்பளை ஆம்பளை உடுப்பைப் போடக்கூடாதுன்னு, எகிப்துலருந்து நம்மைக் கூட்டிக்கிட்டு வந்த பெரியவர் சொன்னாரு. சொல்லிட்டு மலை மேல போய்ச் செத்து ஒரு மாசம் சொச்சம்தான் ஆகுது.

— அத்தை போட்டிருக்காங்களா?

— என் அங்கியைத்தான் போட்டிருக்கா. என்னைவிட அவளுக்கு எடுப்பா இருக்கு. எங்க அந்த மொட்டச்சி?

— பேரு இருக்கு, மாமா. எல்தா.

— எங்கன்னு கேட்டேன்.

— கசப்புக் கீரை பறிக்கப் போயிருக்கா. ஆட்டோட வெச்சுத் தின்னணும்ல.

— எப்ப போனா?

— விடியக்காலம். வானத்துலருந்து விழுந்த மன்னாவைப் பொறுக்கி வெச்சுட்டுப் போனா.

— கீரைக்குப் போன பொம்பளைங்க அத்தனை பேரும் உச்சிப்பொழுதுக்கே திரும்பிட்டாங்க. இப்ப கூடாரத்து நிழல் எங்க விழுதுன்னு பாரு.

— வந்துடுவா.

— சக்கூர். நான் கத்தி தீட்ட வரலை.

— பின்ன?

— மேட்டுல என்கூட நிக்கிற ஒருத்தன் சொன்னான். காலையில கூடை வெச்சிருந்த ஒரு பொம்பளை பேரீச்சந்தோப்பு வழியா மேக்க போனாளாம். எரிகோவைப் பாத்து. காத்துல முக்காடு விலகிச்சாம். தலையில முடி இல்லையாம்.

— மீதியான்ல பிடிச்சுக்கிட்டு வந்த பொண்ணுங்க பாளையம் முழுக்க இருக்காங்க. எல்லார் தலையையும்தான் வழிச்சு விட்டிருக்கு.

— இருக்காங்க. நான் ஒவ்வொரு கூடாரமா தலையை நீட்டிப் பாத்துட்டுத்தான் வர்றேன். நம்ம கோத்திரத்துல ஒருத்திதான் குறையுறா.

— போகட்டும் மாமா. போனாத்தான் என்ன? நாம இங்க இருக்கிறது எரிகோக்காரனுக்குத் தெரியாதா? யோர்தான் கரைபுரண்டு ஓடுற காலத்துல, தண்ணி நின்னு, நாம கால் நனையாம நடந்து வந்ததை அவங்க மதில் மேல நின்னு பாத்தாங்க.

— நாம இருக்கிறது தெரியும். நிக்க முடியாம கிடக்கிறது தெரியாது. இது மூணாம் நாள். மூணாம் நாள்னா என்னன்னு வேற கோத்திரத்துக்காரனுக்குச் சொல்லிக் கொடுக்கணும். சிமியோன் வம்சத்துல பிறந்தவனுக்கு நான் சொல்லணுமா? என்னடா முழிக்கிற?

— மாமா, அவகிட்ட நான் சொல்லிட்டேன்.

— என்னத்தை?

— சீகேம் கதையை.

— எதுவரைக்கும்?

— முழுசா. நம்ம மூதாதை சிமியோனோட தங்கச்சியை அந்த ஊரு ராசா மகன் கெடுத்தது, அப்புறம் அவளையே பொண்ணு கேட்டு வந்தது. எங்களை மாதிரி உங்க ஊரு ஆம்பளை எல்லாரும் கத்தி வெச்சுக்கிட்டா பொண்ணைத் தர்றோம்னு நம்ம ஆளுங்க சிரிச்ச முகத்தோட சொன்னது.

— அப்புறம்?

— அவங்க நம்பி வெட்டிக்கிட்டது.

— அப்புறம். சொல்லு, உன் வாயால சொல்லு.

— மூணாம் நாள் ஒருத்தரும் எழுந்திரிக்க முடியாம கிடந்தப்ப, சிமியோனும் லேவியும் வாளோட ஊருக்குள்ள நடந்து போனது. ஆம்பளைன்னு ஒருத்தன் மிச்சமில்லாம அறுத்தது.

— எத்தனை பேரு போனாங்க?

— ரெண்டு பேரு.

— ரெண்டே பேரு. ஒரு ஊரை. பச்சைக் களிமண்ணை வெட்டுற மாதிரி வெட்டிட்டு வந்தாங்க. அதைத் தூக்கி மீதியான்காரி கையில கொடுத்திருக்க.

— உங்க சனம் எப்பவும் இப்படித்தானான்னு ஒரு நாள் கேட்டா. எனக்கு ரோசம் வந்துடுச்சு. எங்க முன்னோருங்க யாருன்னு தெரியுமான்னு ஆரம்பிச்சு, பெருமையாச் சொல்லிட்டேன். ஆத்தைத் தாண்டினதும் எங்களுக்கே கத்தி வெப்பாங்கன்னு அப்ப யாருக்குத் தெரியும்?

— வெச்சதுக்கப்புறம் கேட்டாளா?

— கேட்டா. அன்னைக்குச் சாயங்காலம் காயத்துக்கு எண்ணெய் போட்டுவிட்டா. அந்த ஊர்க்காரங்களுக்குச் செஞ்சதும் இதேதானான்னா. ஆமான்னேன். இதுக்கும் மூணு நாள்தானான்னா.

— நீ என்ன சொன்ன?

— ஆமான்னேன்.

— ஈட்டியை எங்க வெச்சேன் நான்?

— எங்க போறீங்க?

— தோப்பு வழிக்கு ரெண்டு பேரை அனுப்பணும். அவ போற வழியில இருந்தாலும் சரி, வர்ற வழியில இருந்தாலும் சரி. கண்ட இடத்துலயே ஈட்டி.

— மாமா, அவ திரும்பி வருவா.

— நாராளும் திரும்பி வருவான்னுதான் நினைச்சேன். தண்ணிக்குப் போனா. குடத்தோட வழியிலயே விழுந்தா. பேயோர்ல மீதியான் பொம்பளைங்க கண்ணைக் காட்டினாங்கன்னு எவனோ விருந்துக்குப் போனான், அவங்க சாமியைக் கும்பிட்டான். அதுக்குத் தண்டனையா கொள்ளைநோய் வந்து வாரிக்கிட்டது என் மகளை. நம்ம கோத்திரத்துல பாதிக்கு மேல மண்ணுக்குள்ள போச்சு. நீ அவங்க ஊர்லருந்தே ஒருத்தியைக் கொண்டுவந்து என் மக படுத்த பாயில படுக்க வைக்கிற. நான் வாயைத் திறந்தேனா? இன்னைக்குத் திறக்கிறேன்.

— பாயில படுக்க வைக்கலை. இந்த முப்பது நாளும் நான் அவ மேல கை வைக்கலை. சட்டம் சொன்னபடி தலையை வழிச்சேன், நகத்தை வெட்டினேன். பெத்தவங்களுக்காக அழுன்னு விட்டுட்டேன். இன்னைக்கோட முப்பது முடியுது.

— அதான் இன்னைக்குப் போயிருக்கா.

— நான் மீதியானுக்கு எதுக்குப் போனேன், மாமா? நாராளுக்காகத்தான் போனேன். அங்க என்ன செஞ்சேன்னு நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல.

— இப்பவும் கேக்கலை.

— கேளுங்க. இவ அப்பன் கையில ஒட்டகம் ஓட்டுற கோல்தான் இருந்துச்சு. கிணத்தடியில வெச்சு முடிச்சேன். நீங்க தீட்டிக்கிட்டிருந்தீங்களே, அதே கத்தி. இவளையும் இவ அம்மாவையும் கயிறு கட்டி நடத்திக் கூட்டிக்கிட்டு வந்தேன். இவளுக்கு ஒரு தம்பி. நாலு வயசு இருக்கும். வழி முழுக்க நான்தான் தோள்ல தூக்கிக்கிட்டு வந்தேன். என் காதைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். பாளையத்து வாசலுக்கு வந்தப்ப உத்தரவு வந்துச்சு. கன்னிப் பொண்ணுங்களை மட்டும் விடு, மத்ததை முடின்னு.

— போதும்.

— தோள்லருந்து இறக்கினேன். தண்ணி வேணும்னான்.

— சக்கூர், போதும்.

— தண்ணி கொடுத்துட்டுத்தான் செஞ்சேன். அவன் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னேன். இவ பாத்துக்கிட்டிருந்தா.

— உத்தரவுன்னா உத்தரவு. நீ மட்டுமா செஞ்ச?

— நான் மட்டும் இல்ல. அப்புறம் எனக்கு எதுவும் உறைக்கலை. நாராளைப் புதைச்சப்பவே பாதி நின்னுபோச்சு, அன்னைக்கு மீதியும் நின்னுது. பெரியவருக்காக ஊரே முப்பது நாள் அழுதுச்சு. எனக்கு ஒரு சொட்டு வரலை. இவ அழுவா. நான் அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். எனக்கும் சேத்து அழுறான்னு நினைச்சுக்குவேன். அப்படி நினைச்சாத்தான் தூக்கம் வந்துச்சு.

— கிறுக்கா. அவ அழுததே உன்னாலதாண்டா.

— தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். நேத்து அதிகாரி ஒருத்தன் கூடாரம் கூடாரமா வந்து கேட்டான். புதுசா வீடு கட்டினவன் இருந்தா சொல்லு, போருக்கு வரவேண்டாம். திராட்சை போட்டு இன்னும் பழம் தின்னாதவன் இருந்தா சொல்லுன்னு. படுத்துக்கிட்டே எல்லாரும் சிரிச்சோம். எங்கள்ல எவன் வீட்டைக் கண்டான், எவன் கொடியைக் கண்டான்? பிறந்ததுலருந்து கூடாரம், பிறந்ததுலருந்து மன்னா. கடைசியா, புதுசா பொண்ணு கட்டினவன் உண்டான்னான். அவனுக்கு ஒரு வருசம் போர் இல்லைன்னான். நான் மட்டும் சிரிக்கலை.

— ஓகோ.

— ஒரு வருசம், மாமா. ஒரு வருசம் நான் யாரையும் வெட்ட வேண்டாம். இவ இங்க இருந்தா.

— இவ இல்லைன்னா?

— எரிகோவுக்கு நானும் வருவேன். அங்கயும் நாலு வயசுக்காரன் இருப்பான்.

— நான் உன் ஒருத்தனுக்காகப் பேசலை. பாளையத்துல இத்தனை ஆயிரம் பேரு கிடக்கிறான். பொழுது சாயிறதுக்குள்ள அந்தக் கதவு திறந்தா, கிழவனையும் பொம்பளையையும் வெச்சு நான் என்ன செய்வேன்? சொல்லு.

— பொழுது சாயிற வரைக்கும் பொறுங்க. அவ வரலைன்னா நானே பாளையத்து நடுவுல தவழ்ந்து வந்து சொல்றேன், பகையாளிக்கு மூணாம் நாள் கதையைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான்னு. கல்லெறிஞ்சு கொல்லட்டும். முதல் கல்லை நீங்க போடுங்க.

— போட மாட்டேன்னு நினைக்கிறியா?

— போடுவீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றேன்.

— சத்தியமா?

— நாராள் மேல சத்தியம்.

— அவ பேரை இழுக்காத. யாரது, வெளியில யாரு நிக்கிறது?

— நான்தான். கீரை கொண்டு வந்திருக்கேன்.

— எல்தா. உள்ள வா. பாத்தீங்களா, மாமா.

— நீ பேசாத, மாப்ள. ஏ புள்ள, இப்படி வெளிச்சத்துக்கு வா. நெத்தியில என்ன ரத்தம்?

— கல்லு.

— எந்தக் கல்லு?

— எரிகோ பாதையில கிடக்கிற கல்லு. இந்த ஊர்ல கல்லுக்கு என்ன குறைச்சல்?

— விழுந்திருப்பா. பாவம், மாமா.

— உன்கிட்ட கேக்கலை. கீரைக்கு எதுக்கு எரிகோ பாதைக்குப் போன?

— கிட்ட இருந்ததை எல்லாம் உங்க பொம்பளைங்க பறிச்சுட்டாங்க. தோப்பைத் தாண்டினாத்தான் கிடைக்குது.

— கூடையைக் காட்டு. ம். வேர்ல ஈரம் இருக்கு. கசக்குது. கீரை சரியான கீரைதான். மதில்கிட்டப் போனியா?

— கண்ணுக்குத் தெரியுற இடம்தான். பெரிய மதில். கதவை மூடித் தாழ் போட்டிருக்காங்க. உள்ளருந்து ஒருத்தரும் வெளியில வரலை.

— வர்ற மாதிரி இருக்கா?

— இல்ல. பயந்து கிடக்காங்க. ஆறு நின்னதைப் பாத்த கண்ணு இன்னும் மூடலை அவங்களுக்கு.

— ஓட நினைச்சிருந்தா ஓடியிருக்கலாம் நீ.

— ஓடியிருக்கலாம்.

— ஏன் ஓடலை?

— எனக்கு இங்க வேலை இருக்கு.

— மாமா, இதுக்கு மேல என்ன கேக்கணும்? முக்காடு இல்லாம தலையில வெயில் ஏறி நிக்கிறா. விடுங்க.

— விட்டேன், விட்டேன். தப்பிக்கப் போறவ திரும்பி வரமாட்டா. அந்த அளவுக்கு எனக்கும் தெரியும். தோத்துட்டேன், மாப்ள. தோத்ததுல சந்தோசம்தான், கேட்டியா. உன் மேல கல்லெறியுற கை எனக்கு எங்க இருக்கு?

— கிளம்பிட்டீங்களா?

— வரிசையை ஒரு தடவை பாத்துட்டு என் கூடாரத்துக்குப் போகணும். உன் அத்தை ஈட்டியோட நின்னு நின்னு என்னையே குத்துற கோவத்துல இருப்பா. கேளு. கொம்பு ஊதினதும் பாளையம் முழுக்க ஒரே நேரத்துல ஆடு அறுக்கணும். தலைக்கட்டுக்கு ஒரு ஆடு. வீட்டுக்காரன் கைதான் அறுக்கணும். உன்னால எழுந்திரிக்க முடியாது, படுத்துக்கிட்டே அறு. இவ பிடிச்சுக்கட்டும். ஏ புள்ள, ஆடு பிடிக்கத் தெரியுமா?

— எங்க அப்பனுக்கு எழுநூறு ஆடு.

— அப்ப சரி. கத்தி அந்தக் கம்பத்தடியில இருக்கு, பாத்து எடு, நல்லா ஏறியிருக்கு. ரத்தத்தைச் சட்டியில பிடி. தரையில சிந்த விடாத.

— சரி.

— எலும்பை உடைக்கக்கூடாது.

— சரி.

— எல்தா.

— என்ன?

— நெத்திக்கு எண்ணெய் போட்டுக்கோ. நான் வரேன், மாப்ள.

— பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரு. கவனிச்சியா?

— கவனிச்சேன்.

— முப்பது நாள்ல இன்னைக்குத்தான். மனசு மோசமில்ல அவருக்கு. மகளைப் பறிகொடுத்தவரு. கொஞ்சம் தண்ணி தர்றியா? பேசிப் பேசி நாக்கு ஒட்டிக்குது.

— தர்றேன். அறையில வேலையை முடிச்சுட்டு.

— அறைன்னா கூடாரம்தானே. உங்க ஊர்ல வீடு, இல்லையா? மறந்துபோறேன். எரிகோவைப் பிடிச்சா நமக்கும் சுவரு வெச்ச வீடு கொடுப்பாங்க. கூரை எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. நீதான் சொல்லித் தரணும். என்ன தேடுற?

— ஒண்ணுமில்ல. கிடைச்சிருச்சு.

— எல்தா, இப்ப யாரும் இல்ல. உண்மையைச் சொல்லு. மதில்கிட்டப் போனியா?

— போனேன்.

— பேசினியா?

— வாசலுக்கு நேரா நின்னு கூப்பிட்டேன். மேலருந்து எட்டிப் பாத்தாங்க. பாளையத்துல இருக்கிற ஆம்பளை அத்தனை பேரும் வெட்டுக் காயத்தோட கிடக்கிறான், மேட்டுல நடக்கிறது கிழவனும் பொம்பளையும்தான், இன்னைக்கு மூணாம் நாள், இன்னைக்கு வந்தா ரெண்டு பேரு போதும்னு சொன்னேன்.

— எல்தா.

— நீங்க சொன்ன மாதிரியே சொன்னேன். எதையும் சேக்கலை.

— அவங்க என்ன சொன்னாங்க?

— சிரிச்சாங்க. பகையாளி வாசல்ல வந்து உக்காந்துக்கிட்டுத் தன்னைத்தானே வெட்டிக்கிற சனம் உலகத்துல எங்க இருக்குன்னு ஒருத்தன் கேட்டான். பொறி வைக்கிறாங்க, வெளியில இழுக்கப் பாக்குறாங்க, அதுக்கு ஒரு மொட்டச்சியை அனுப்பியிருக்காங்கன்னு இன்னொருத்தன் சொன்னான். கல்லு அவன் போட்டதுதான்.

— நம்பலையா?

— நம்பலை.

— கடவுள் புத்தியைக் கேக்கலைன்னு மாமா சொன்னாரு. சரியாத்தான் இருக்கு. சரி. சரி, விடு. மாமாகிட்ட இதை நான் சொல்ல மாட்டேன். சாகிற வரைக்கும் சொல்ல மாட்டேன். நீ செஞ்சதுல தப்பில்ல. நானா இருந்தாலும் போயிருப்பேன். கதவைத் திறந்து உன்னை மட்டுமாவது உள்ள விட்டிருக்கலாம் அவங்க.

— விட்டாங்க.

— என்ன?

— ஒரு கிழவன் கீழ இறங்கி வந்தான். சின்னக் கதவு ஒண்ணு இருக்கு, அதைத் திறந்தான். எனக்கும் ஒரு மக இருந்தாம்மா, உள்ள வந்துடு, கஞ்சி இருக்கு, தலைக்குத் துணி இருக்குன்னான். பாதிக் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னான்.

— நீ போகலை.

— போகலை.

— எல்தா. இங்க வா, பக்கத்துல உக்காரு. உன் தலையைப் பாரு, முடி முளைக்க ஆரம்பிச்சுடுச்சு. உன் அப்பனையும் அம்மாவையும் என்னால திருப்பித் தர முடியாது. ஆனா இனிமே நான் கத்தியைத் தொட மாட்டேன். ஒரு வருசம் முடிஞ்சா இன்னொரு சாக்கு தேடிக்குவேன். பயந்தவன் வீட்டுக்குப் போகலாம்னும் ஒரு சட்டம் இருக்கு. எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

— கொம்பு ஊதுறாங்க.

— ஆமா. நேரமாச்சு. பாளையம் முழுக்க எப்படிக் கத்துது, கேளு. பக்கத்துல நிக்கிற உன் பேச்சே எனக்குச் சரியாக் கேக்கலை. ஆட்டைக் கொண்டு வா, சீக்கிரம் முடிச்சுடுவோம். நம்ம ஆடு மட்டும் கத்தலையே. கயிறு சும்மா கிடக்கு. ஆடு எங்க?

— அவுத்து விட்டுட்டேன்.

— எதுக்கு? இன்னைக்கு ஆடு அறுக்காம எப்படி? கத்தியை வேற கையில வெச்சிருக்க. எதுக்கு வாசலை இழுத்துக் கட்டுற? எல்தா, அந்தக் கிழவன் கதவைத் திறந்தானே. பின்ன நீ எதுக்குத் திரும்பி வந்த?

— அவங்க ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்க. மூணாம் நாளுக்கு யாராவது ஒருத்தர் வரணும்ல. இந்தாங்க, தண்ணி கேட்டீங்களே. முதல்ல குடிச்சு முடிங்க.